எத்தனை விநாடி வெளிச்சம்?

அரியலூர் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரியும். ரெட்டிபாளையத்தில் அல்ட்ராடெக், கோவிந்தபுரத்தில் ராம்கோ, கீழப்பழுவூரில் செட்டிநாடு, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ், நகரை ஒட்டி அரசின் டான்செம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்தவை மடிந்து படிந்த சுண்ணாம்புக்கல்தான் இன்று வி.கைகாட்டி வழியே லாரி லாரியாகப் போகிறது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் சோறு அந்தக் கல்லிலிருந்து வருகிறது. சிலருக்குக் கையில் கரப்பானும் அதிலிருந்தே வருகிறது.

முதலில் விரல் இடுக்கில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். பிறகு கசிவு, பொருக்கு, வெடிப்பு. மாதக்கணக்கில் போனால் புறங்கை முழுக்கத் தோல் தடித்து, கறுத்து, கோடு கோடாகப் பிளக்கும். கரணை பிடிக்க முடியாது. சோறு பிசைந்து சாப்பிட முடியாது, ரசம் பட்டாலே எரியும். கட்டட வேலையில் இருப்பவர்கள் இதைச் ‘சிமெண்ட் புண்’ என்றோ ‘சிமெண்ட் அலர்ஜி’ என்றோ சொல்லிவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் கலவையில் கை வைப்பார்கள். களிம்பும் மாத்திரையும் தற்காலிகமாகத்தான் அடக்குகின்றன என்ற நிலை வரும்போது, நகரத்துத் தோல் மருத்துவர் ஒரு வார்த்தை சொல்வார்: “லைட் ட்ரீட்மெண்ட் குடுத்துப் பார்க்கலாம்.”

உடம்பு உயரத்துக்கு நீளக் குழல் விளக்குகள் பொருத்திய ஒரு பெட்டி. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். கை கால்களுக்கு மட்டும் என்றால் மேசை மேல் வைக்கும் சிறிய கருவி. அரை நிமிடம், ஒரு நிமிடம், போகப்போக இரண்டு மூன்று நிமிடம். மருந்து வாயில் போவதில்லை, ஊசி இல்லை, வலி இல்லை. அதனாலேயே இதை ஏதோ எக்ஸ்ரே எடுப்பதுபோல எல்லோருக்கும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் புற ஊதாக் கதிரும் மருந்துதான். குறைந்தால் பலிக்காது, மிஞ்சினால் தோலைச் சுடும். அந்த அளவை யாருடைய தோலைப் பார்த்து, எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான் நோயாளியும் அவர் வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரியலூர் போன்ற ஊரில் அந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு.

வெளிச்சம் உள்ளே போய் என்ன செய்கிறது

கரப்பானில் தோலின் காவல் செல்கள் தேவைக்கு மேல் கொதித்துப் போயிருக்கின்றன. புற ஊதா பி கதிர் மேல்தோலில் உறிஞ்சப்பட்டதும், அங்கே முகாமிட்டிருக்கும் டி செல்கள் பல மடிகின்றன. ஒவ்வாமைப் பொருளைப் பிடித்து அறிவிக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் குறைகின்றன. தோலில் இயல்பாக இருக்கும் யூரோகானிக் அமிலம் வடிவம் மாறி, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் பொருளாகிறது. அரிப்பும் மட்டுப்படுகிறது. ஒரே நாளில் நடப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வீதம் இருபது முப்பது அமர்வுகள் ஆகலாம்.

ஒளியால் தோல்நோயைக் குணப்படுத்தலாம் என்று நவீன மருத்துவத்துக்குக் காட்டியவர் நீல்ஸ் ஃபின்சென். டென்மார்க்கில் தோல் காசநோய்க்கு ஒளி கொடுத்ததற்காக அவருக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குக் கார்போகரிசி இருக்கிறது. அதில் உள்ள சோராலென் என்ற பொருள் தோலை ஒளிக்குக் கூர்மையாக்கும். 1940-களில் கெய்ரோவில் எல் மோஃப்டி, வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அதே வகைப் பொருளை வெண்புள்ளிக்குக் கொடுத்தார். 1974-இல் அமெரிக்காவில் சோராலெனையும் புற ஊதா ஏ விளக்கையும் சேர்த்துத் தரும் ‘பூவா’ சிகிச்சை வந்தது.

இப்போது கரப்பானுக்குப் பெரும்பாலும் தருவது ‘குறுகிய பட்டை’ புற ஊதா பி. 311 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளம் மட்டும். சுடும் அலைகளைக் கழித்துவிட்டு வேலை செய்யும் அலைகளை மட்டும் வைத்துக்கொண்ட விளக்கு இது. சொரியாசிஸில் எந்த அலைநீளம் பலிக்கிறது, எது வெறுமனே சுடுகிறது என்று 1976-லும் 1981-லும் வந்த ஆய்வுகள் பிரித்துக் காட்டின. பிறகு ஃபிலிப்ஸ் நிறுவனம் அதற்கேற்ற குழல்விளக்கைச் செய்தது.

கரப்பானில் இது பலிக்குமா என்பதற்கு 2001-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு ஒரு நல்ல சான்று. 73 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் இரு முறை, 12 வாரம். குறுகிய பட்டை பி கதிர் பெற்றவர்களுக்குச் சாதாரண வெளிச்சம் பெற்றவர்களைவிடத் தெளிவான முன்னேற்றம் இருந்தது. 2021-இல் காக்ரேன் குழு 32 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோதும் பலன் இருக்கிறது என்ற பக்கமே சாய்ந்தது. ஆனால் சோதனைகள் சிறியவை, சான்று இன்னும் உறுதிப்பட வேண்டும் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

“அப்படின்னா மொட்டை வெயில்ல நின்னா போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. அரியலூர் வெயிலுக்கு என்ன குறை! ஆனால் சூரிய ஒளியில் நமக்கு வேண்டிய அலைநீளம் மிகச் சிறு பங்கு. கூடவே சூடு வருகிறது, வியர்வை வருகிறது, கரப்பானுக்கு இரண்டும் ஆகாது. 1993-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் கரப்பான் நோயாளிகளுக்கு ஒளி கொடுத்தவர்கள், பெட்டிக்குள்ளே குளிரூட்டியையும் சேர்த்தே வைத்தார்கள். அந்தக் குளிர் தேசத்திலேயே அது தேவைப்பட்டது என்றால், சித்திரை மாதம் இங்கே ஒரு பழைய மின்விசிறியை மட்டும் நம்பிப் பெட்டிக்குள் ஆளை நிறுத்துவது எவ்வளவு சரி? கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்பதோ இன்னும் ஆபத்து. கொப்புளம் அன்றைக்கு வராது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பொங்கும்.

முதலில் சிமெண்ட்

ஒளியின் அளவைப் பேசுவதற்கு முன் ஒன்றைத் தீர்த்தாக வேண்டும். கை தினமும் கலவையில் முங்கிக்கொண்டிருந்தால், எவ்வளவு ஒளி கொடுத்தும் பயன் இல்லை.

ஈரச் சிமெண்ட் இரண்டு விதமாகத் தோலைக் கெடுக்கிறது. அதன் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல். மணலும் சேர்ந்து தோலை அரிக்கும். இது யாருக்கும் வரலாம். இரண்டாவது ஒவ்வாமை. சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி சூட்டில் மூலப்பொருளில் இருக்கும் குரோமியத்தின் ஒரு பகுதி ‘குரோமியம் ஆறு’ என்ற வடிவமாகிறது. இது தண்ணீரில் கரையும், தோலுக்குள் புகும். ஒருமுறை உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொண்டால் ஆயுள் முழுக்க மறக்காது என்றே பெரும்பாலும் சொல்ல வேண்டும். ஆலைக்குள் உலர்ந்த தூளைக் கையாளுபவரைவிட, அதில் தண்ணீர் ஊற்றிக் குழைக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும்தான் இந்த ஆபத்து அதிகம்.

இது புதிய செய்தியும் இல்லை. சிமெண்ட் கரப்பானுக்குக் குரோமேட்தான் காரணம் என்று சுவிட்சர்லாந்தில் 1950-லேயே காட்டிவிட்டார்கள். டென்மார்க் 1983-இல் சிமெண்டில் இரும்பு சல்பேட் சேர்த்துக் குரோமியம் ஆறைக் கட்டுப்படுத்தச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005 ஜனவரியிலிருந்து, பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது. இரும்பு சல்பேட் நாளாக ஆக வலு இழக்கும் என்பதால், அடைத்த தேதியையும் எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதையும் மூட்டையில் அச்சிட வேண்டும். தமிழ்நாட்டின் சிமெண்ட் மடியான இந்த மாவட்டத்திலிருந்து போகும் ஒவ்வொரு மூட்டையிலும் அப்படி ஒரு வரி இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. விளக்குப் பெட்டி வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இரும்பு சல்பேட் ஒன்றும் பெரிய செலவு இல்லை.

அதனால் கை வெடித்து வரும் கட்டடத் தொழிலாளிக்கு முதல் வேலை பேட்ச் டெஸ்ட். முதுகில் சின்னச் சின்னத் தகடுகளில் பொட்டாசியம் டைகுரோமேட் உள்ளிட்ட பொருட்களை ஒட்டி, இரண்டு நாள் வைத்திருந்து, எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மறுபடியும் பார்ப்பார்கள். ரப்பர் கையுறைக்கே ஒவ்வாமை இருப்பதும் இதில் வெளிப்படும். அது தெரியாமல் “கிளவுஸ் போட்டு வேலை செய்யுங்க” என்று அனுப்புவது நோயை வளர்ப்பதுதான்.

நிறத்தை வைத்து அளவு சொல்லலாமா?

இனி ஒளியின் அளவு. உலகம் முழுக்கப் பயன்படும் எளிய வழி, தோலின் வகையைப் பார்த்துத் தொடங்குவது. ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1975-இல் உருவாக்கிய பட்டியல் அது. வெயிலில் நின்றால் சிவக்கிறதா, கறுக்கிறதா என்ற கேள்வியை வைத்துத் தோலைப் பிரித்தார். முதலில் நான்கு வகைதான். நான்குமே வெள்ளைத் தோல். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஐந்து, ஆறு என்ற எண்கள் பின்னால் சேர்க்கப்பட்டன. இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து என்ற இரண்டு எண்களுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறோம்.

அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் சொரியாசிஸுக்காக வெளியிட்ட அட்டவணையில் ஐந்தாம் வகைத் தோலுக்குத் தொடக்க அளவு சதுர சென்டிமீட்டருக்கு 350 மில்லிஜூல். நான்காம் வகைக்கு 330. இந்தியாவில் பல இடங்களில் எல்லோருக்கும் 250, 280 என்று ஓர் எண்ணில் தொடங்குகிறார்கள். பாதுகாப்பான வழிதான், தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே நிறமுள்ள இருவரின் தோல் ஒரே அளவைத் தாங்கும் என்பது உண்மையில்லை.

அதைக் கண்டுபிடிக்கத்தான் ‘குறைந்தபட்சச் சிவப்பு அளவு’ என்ற சோதனை. முதுகிலோ இடுப்புக்குக் கீழோ, வெயில் படாத இடத்தில், சிறு சிறு சதுரச் சாளரங்கள் வெட்டிய துணியை ஒட்டுவார்கள். ஒரு சாளரத்துக்கு 200 மில்லிஜூல், அடுத்ததற்கு 280, பிறகு 400, 560, 800, 1,100 என்று கூட்டிக்கொண்டே போவார்கள். மறுநாள் அதே நேரம் வந்து பார்க்க வேண்டும். எந்தச் சாளரத்தில் முதன்முதலாக லேசாகச் சிவந்திருக்கிறதோ அதுதான் அந்த ஆளின் அளவு. கரப்பானுக்கு அதில் பாதியில் தொடங்கி, ஒவ்வொரு அமர்விலும் பத்து முதல் இருபது சதவீதம் கூட்டுவது வழக்கம். தமிழ்நாட்டிலேயே, கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் 14 நோயாளிகளுக்கு இந்தச் சோதனை செய்து 2002-இல் எழுதினார்கள். இங்குள்ள தோலுக்கு இங்கேதான் அளக்க வேண்டும் என்ற எண்ணத்தின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் வகைத் தோல் கொண்ட இருவர். ஒருவருடைய சிவப்பு அளவு 500, இன்னொருவருடையது 1,100 என்று வைத்துக்கொள்வோம். அட்டவணை இருவருக்கும் 350 என்கிறது. முதல் ஆளுக்கு அது எழுபது சதவீதம். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் தோலுக்கு அது கடுமை. இரண்டாம் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குகூட எட்டவில்லை. அவர் பல வாரம் பேருந்துச் செலவு செய்து வந்துபோவார், அரிப்பு குறையாது. “லைட் வச்சும் கேக்கல” என்று விட்டுவிடுவார். முதலாமவர் எரிச்சல் தாங்காமல் விட்டுவிடுவார். இருவரிலும் தோற்றது ஒளி இல்லை, அளவு.

இதிலும் ஒரு சிக்கல், சிவப்பைப் பார்ப்பது. கறுத்த தோலில் லேசான சிவப்பு கண்ணுக்கு அகப்படாது. நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், விரலால் தொட்டுச் சூட்டை உணர வேண்டும், சாளரத்தின் ஓரம் மேடாக இருக்கிறதா என்று தடவ வேண்டும். சிகிச்சை தொடங்கிய பிறகும் அப்படியே. “சிவந்துச்சா?” என்ற கேள்வியை மட்டும் கேட்டால் “இல்லை” என்பார். கேட்க வேண்டியது வேறு: “நேத்து ராத்திரி எரிஞ்சுதாண்ணே? சட்டை பட்டா வலிச்சுதா? வெளிச்சம் படாத இடத்துலயும் அரிச்சுதா?” கரப்பானின் அரிப்பையும் கதிர் சுட்ட எரிச்சலையும் பிரித்தறிய இந்தக் கடைசிக் கேள்வி உதவும். ஒரு நாளுக்குள் அடங்கிய லேசான எரிச்சல் என்றால் அடுத்த தடவை கூட்டலாம். அதற்கு மேலும் நீடித்தால் அதே அளவில் நிற்க வேண்டும். தொட்டால் வலிக்கிறது என்றால் அன்றைக்கு விளக்கே கிடையாது, ஆறிய பிறகு குறைத்துத் தொடங்க வேண்டும்.

கொத்தனாருக்கு இன்னொன்றும் உண்டு. முழங்கைக்குக் கீழே வருஷக்கணக்கில் வெயில் பட்டுக் கறுத்த தோல், பனியனுக்குள்ளே வெயிலே காணாத தோல். ஒரே ஆளிடம் இரண்டு தோல். முதுகில் அளந்த கணக்கு மறைந்திருக்கும் தோலுக்குப் பொருந்தும், முன்னங்கை அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். உடம்பு முழுக்கக் கொடுத்துவிட்டு, கைக்கு மட்டும் தனியாகச் சில விநாடி கூட்ட வேண்டியிருக்கலாம். அதோடு, காலையில் ஒளி வாங்கிக்கொண்டு பத்து மணிக்குக் காங்கிரீட் போட மொட்டை மாடி ஏறினால், விளக்கின் அளவோடு வெயிலின் அளவும் கூடிவிடும். சிகிச்சை நாளில் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முடிந்தால் சாயங்கால நேரத்தில் ஒளி. இதை ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

விநாடி வேறு, மில்லிஜூல் வேறு

நோயாளி கையிலுள்ள சீட்டில் பல இடங்களில் “40 செகண்ட்”, “60 செகண்ட்” என்று மட்டுமே எழுதுகிறார்கள். இது எனக்குக் கவலை தரும் விஷயம். விநாடி என்பது அளவில்லை. விளக்கின் வலுவால் பெருக்கினால்தான் அளவு.

விளக்கு சதுர சென்டிமீட்டருக்கு 8 மில்லிவாட் தருகிறது என்று வைப்போம். 400 மில்லிஜூல் கொடுக்க 50 விநாடி போதும். நாளாக ஆகக் குழல் மங்கி 5 மில்லிவாட்டுக்கு இறங்கினால், அதே அளவுக்கு 80 விநாடி வேண்டும். சரி, 80 என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் குழல்களை மாற்றுகிறார்கள், மறுபடி 8 மில்லிவாட். சீட்டில் உள்ள 80 விநாடியையே ஓட்டினால் உடம்பில் இறங்குவது 640 மில்லிஜூல். அறுபது சதவீதம் அதிகம். அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள்.

இதற்கு மருந்து, ஒரு கதிர் அளவி. அதை முறையாகச் சரிபார்த்து வைத்திருப்பதும், குழல் மாற்றிய அன்றே அளப்பதும், நோட்டில் எழுதுவதும் விளக்கைவிட முக்கியம். விளக்குக்கும் தோலுக்கும் உள்ள தூரம் மாறினாலும் அளவு மாறும். ஒல்லியான ஆளும் தொந்தியுள்ள ஆளும் பெட்டிக்குள் ஒரே இடத்தில் நின்றாலும் வயிற்றுக்குக் கிடைப்பது ஒன்றாக இருக்காது. தோலில் தடவியதும் கணக்கில் சேரும். கெட்டியான வாசலைனோ களிம்போ பூசிக்கொண்டு வந்தால் கதிரை மறைக்கும். ஒரு நாள் தடவி, ஒரு நாள் தடவாமல் வந்தால், கருவி காட்டும் எண் சரியாக இருந்தும் தோலுக்குப் போன எண் தாறுமாறாகிவிடும்.

வயலோரத்துப் பார்த்தீனியம்

அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஒளி கொடுப்பதற்கு முன் கட்டாயம் யோசிக்க வேண்டிய ஒரு செடி இருக்கிறது. சாலை ஓரம், தரிசு, பருத்திக் காட்டு வரப்பு எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம். இறக்குமதிக் கோதுமையோடு வந்ததாகக் கருதப்படும் இந்த விஷச்செடி, இந்தியாவில் 1950-களின் நடுவில் புனே பக்கம் பதிவானது. பிறகு நாடெங்கும் பரவியது. அதன் தூள் காற்றில் பறந்து முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று படிந்து கரப்பானைக் கிளப்பும். வருஷங்கள் போகப்போகச் சிலருக்கு வெயிலே ஆகாமல் போகும். செடியை விட்டு விலகினாலும் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் தடித்துக் கொதிக்கும்.

அப்படிப்பட்டவரை விளக்குப் பெட்டிக்குள் நிறுத்தினால் என்ன ஆகும்? சாதாரண ஆளுக்கு மெல்லிய அளவாக இருப்பது அவருக்கு எரிதழல். சிமெண்ட் வேலை செய்பவருக்கும் பார்த்தீனியம் பிடிக்கலாம். குரோமேட் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு ஒளி ஆகாத தன்மையும் சேர்ந்திருப்பது சுவீடனில் 1970-களிலேயே பதிவாகியிருக்கிறது. நோயின் வரைபடத்தைப் பார்த்தாலே ஒரு துப்பு கிடைக்கும். காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், சட்டைக்குள் தோல் நன்றாக இருந்து, வெயில் படும் இடம் மட்டும் கெட்டிருந்தால் மருத்துவர் நின்று யோசிப்பார். சந்தேகம் வந்தால் ஒளிச் சோதனை. சிவப்பு அளவு மிகக் கீழே இறங்கியிருந்தால் வழக்கமான ஒளி சிகிச்சை அவருக்கு வேண்டாம். அசத்தியோபிரின் போன்ற மாத்திரைகள்தான் இந்தியாவில் பார்த்தீனியக் கரப்பானுக்கு அதிகம் கைகொடுத்தவை.

“என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்ற கேள்வியையும் விடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர்ப்போக்கி மாத்திரைகள், டாக்சிசைக்ளின் போன்றவை தோலை ஒளிக்குக் கூர்மையாக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணத்தில் கார்போகரிசி இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

உள்ளங்கை தனிக் கதை. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையில் மேல்படலம் அவ்வளவு கனம். புற ஊதா பி அதைத் தாண்டிப் போவது கஷ்டம். ஆழமாகப் போகும் ஏ கதிரையும் சோராலெனையும் சேர்த்துத் தருவது இதற்காகத்தான். சோராலென் கரைத்த தண்ணீரில் கையை ஊற வைத்து, பிறகு விளக்கு. இதில் சிவப்பு மறுநாள் உச்சத்துக்கு வராது, மூன்று நான்கு நாள் ஆகும். பி கதிருக்குப் பழகிய கணக்கை இங்கே போட்டால் தப்பாகிவிடும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் வழியில் பைக் ஓட்டும் கையில் வெயில் படக் கூடாது என்பதையும் கறாராகச் சொல்ல வேண்டும்.

புற்றுநோய் வருமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. டண்டீயில் குறுகிய பட்டை பி கதிர் பெற்ற 3,867 பேரைப் பின்தொடர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சை மட்டுமே பெற்றவர்களிடம் தோல் புற்றுநோய் குறிப்பிடும்படி கூடவில்லை. பூவா சிகிச்சை நீண்ட காலம் எடுத்துக்கொண்டவர்களில், முக்கியமாக வெள்ளைத் தோலில், ஆபத்து உண்டு. அதனால்தான் ஆயுளில் மொத்தம் எத்தனை அமர்வு, எவ்வளவு மில்லிஜூல் என்ற கூட்டுத்தொகையைக் குறித்து வைக்க வேண்டும்.

வராத நாட்களின் கணக்கு

வாரம் மூன்று நாள் வரச் சொன்னால் அரியலூர்ப் பக்கத்துத் தினக்கூலிக்கு அது வாரத்தில் மூன்று அரைநாள் சம்பளம். தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும் என்றால் முழு நாள். அவர் நடுவில் நிற்பது அலட்சியத்தால் என்று யாரும் சொல்லக் கூடாது. மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வு வாரம் இரு முறையில்தான் பலன் காட்டியது. தொலைவில் இருந்து வருபவருக்கு அந்த ஏற்பாட்டையே முதலில் யோசிக்கலாம்.

வராமல் போன நாட்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. விட்டுப்போன நாட்களில் தோல் தன் தாங்குதிறனை மெல்ல இழக்கும். வழக்கத்தில் உள்ள ஒரு நெறிமுறைப்படி, ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டால் பழைய அளவே. இரண்டு வாரம் வரை போனால் கால் பங்கு குறைப்பு. மூன்று வாரம் என்றால் பாதி. அதற்கும் மேல் என்றால் முதலிலிருந்து. நாற்று நடவு, திருவிழா, மேஸ்திரி கூப்பிட்ட வெளியூர் வேலை என்று இருபது நாள் கழித்து வந்தவர், “போன தடவை ரெண்டு நிமிஷம் சார்” என்று தானாகவே சொன்னாலும், அந்த இரண்டு நிமிடத்தை அன்றைக்குக் கொடுக்கக் கூடாது.

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. சிமெண்ட் மாவட்டத்தின் கல்லூரி இது. கதிர் அளவியோடு கூடிய ஒரு முழு உடல் பெட்டியும், கை கால் கருவியும், பேட்ச் டெஸ்டும், சாயங்கால நேரமும் இங்கே நிரந்தரமாக இருந்தால், ரெட்டிபாளையத்துக் கொத்தனாரும் செந்துறைப் பக்கம் முந்திரி உடைக்கும் அம்மாவும் கூலியை விடாமல் வந்துபோகலாம். முந்திரி ஓட்டு எண்ணெயும் கையை வெந்து போகச் செய்யும் என்பது அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி இதற்கு வரலாம். குரோமியத்தால் வரும் நோயும் தொழில்சார் தோல்நோயும் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலேயே இடம்பெற்றவை. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் பேட்ச் டெஸ்ட் முடிவைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், பின்னால் உரிமை கேட்க அது ஆதாரம்.

கட்டட வேலைக்காரர் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று அரியலூர், அடுத்த மாதம் சென்னை, அதற்கடுத்து கேரளாவோ வளைகுடாவோ. அவர் எங்கே போனாலும் அங்குள்ள மருத்துவர் தொடர வேண்டுமானால், சட்டைப் பையில் போகும் ஓர் அட்டை வேண்டும். அதில் விளக்கு எந்த வகை, சிவப்பு அளவு எவ்வளவு, தொடங்கியது எத்தனை மில்லிஜூல், கடைசியாகக் கொடுத்தது எத்தனை மில்லிஜூல், எந்தத் தேதியில், எரிச்சல் வந்தது எப்போது, இதுவரை மொத்தம் எத்தனை அமர்வு, பேட்ச் டெஸ்டில் எது பிடித்தது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்க வேண்டும். உங்கள் சீட்டில் விநாடி மட்டும் இருந்தால், அடுத்த தடவை போகும்போது மில்லிஜூலையும் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தருவார்கள்.